கணினி வரையும் படமும் கைத்திருத்தமும்



காகிதத்தில் வரைந்த படம் வரைந்தவாறே இருக்கும். பாடசாலைச் சுவரில் தொங்கும் தேசப்படமொன்றில், ஆசிரியர் ஒருவர் களு கங்கையின் பெயரைச் சிவப்பு மையினால் தமிழில் எழுதிவைத்தால், அந்தப் பெயர் காகிதம் உள்ளளவும் அங்கேயே நிற்கும். மை மங்கக்கூடும்; ஓரம் கிழியக்கூடும்; ஆனால் எழுதிய எழுத்து ஒருநாட் காலையில் தானாக மறைந்துவிடாது. கணினி வரையும் படத்தின் இயல்போ வேறு. நாம் நெடுநேரம் இருந்து ஒழுங்குசெய்த எழுத்தும், இடம்பெயர்த்து வைத்த பெட்டியும், மாற்றிய நிறமும், மறுமுறை அப்படத்தைப் புதுப்பிக்கும்போது காணாமற்போய், எல்லாம் பழையபடி நிற்பதுண்டு. அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் கணினியோடு பழகுவோர் பலரும் இதனை அறிவர். இஃது ஏன் நிகழ்கின்றது, இதனைத் தடுக்க அறிஞர் கண்ட வழிகள் யாவை, மலையும் ஆறும் சூழ்ந்த இரத்தினபுரி மாவட்டத்து மக்களுக்கு இதில் உள்ள அக்கறை என்ன என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். காகிதத்தில் படமே பொருள். கணினியிலோ படம் ஒரு செயலின் விளைவு. ஓர் உதாரணம் கூறுவேன். ஒரு பாடசாலையின் நிருவாக அமைப்பை விளக்கும் வரிப்படத்தைக் கணினியைக்கொண்டு வரைவிக்கிறோம் என வைத்துக்கொள்வோம். அதிபரின் கீழ்ப் பிரதி அதிபர், அவரின் கீழ்ப் பகுதித் தலைவர்கள், அவர்களின் கீழ் வகுப்பாசிரியர்கள். கணினிக்கு நாம் கொடுப்பது இன்னார்க்குக் கீழ் இன்னார் என்னும் ஒரு பட்டியல் மட்டுமே. மேலவரை மேலும் கீழவரைக் கீழும் வைத்து, இடையிலே கோடு கீறுவது என்னும் விதி செய்நிரலில் உள்ளது. பட்டியலையும் விதியையும் சேர்த்துக் கணினி ஒவ்வொரு முறையும் படத்தைப் புதிதாக ஆக்குகின்றது. நேற்றுக் கண்ட படத்தை அது எடுத்துக் காட்டுவதில்லை. நேற்றைய படத்தைப் போன்ற வேறொன்றை இன்று வரைகின்றது.

இவ்விதிகள் எளியன அல்ல. மேலிருந்து கீழாக அடுக்கடுக்காய் அமையும் வரிப்படங்களைக் கணினி தானே வரைவதற்குரிய சிறந்த முறையொன்றை, கோசோ சுகியாமா என்னும் ஜப்பானிய அறிஞரும் அவருடன் உழைத்த இருவரும் 1981ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்முறைப்படி கணினி முதலிற் பெட்டிகளை அடுக்குகளாகப் பிரிக்கின்றது. பின்பு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது குறையுமாறு ஒவ்வோர் அடுக்கிலும் பெட்டிகளின் வரிசையை மாற்றுகின்றது. இறுதியில் ஒவ்வொன்றுக்கும் இடம் குறிக்கின்றது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பட்டியலிற் புதிதாக ஓர் ஆசிரியரின் பெயரைச் சேர்த்தால், கோடுகள் வெட்டும் கணக்கு மாறுகின்றது. கணக்கு மாறவே வரிசை மாறுகின்றது. இடப்பக்கம் இருந்த ஆரம்பப் பிரிவு வலப்பக்கம் போய் நிற்கவும் கூடும். ஒருவரைச் சேர்க்கப்போய் ஊரையே இடம்பெயர்த்த கதையாய் முடிகின்றது.

இனி, அந்தப் படத்தில் நாம் ஒரு பெட்டியைச் சுட்டியினாற் பிடித்துச் சற்றே தள்ளிவைத்து, அதற்கு மஞ்சள் நிறமும் ஊட்டினோம் என்று கொள்வோம். அந்தத் திருத்தம் எங்கே இருக்கின்றது? பட்டியலில் இல்லை, ஏனெனில் யாருக்குக் கீழ் யார் என்பதில் மாற்றம் இல்லை. விதியிலும் இல்லை, ஏனெனில் செய்நிரலை நாம் தொடவில்லை. அது படத்தில் மட்டுமே இருக்கின்றது. படமோ அடுத்த முறை மீண்டும் ஆக்கப்படுவது. ஆகவே, விளைவில் மட்டும் செய்த திருத்தம் விளைவோடு அழிந்துபோகின்றது. நாம் இழப்பவை அனைத்துக்கும் இதுவே மூலகாரணம்.

இதனைக் கோலத்தைக்கொண்டு விளக்குவது தமிழர்க்கு எளிது. கோலமிடும் பெண் முதலிற் புள்ளிகளை எண்ணி வைக்கின்றாள். பிறகு ஒரு முறைப்படி அவற்றைச் சுற்றிக் கம்பியை வளைக்கின்றாள். எத்தனை புள்ளி, எவ்வாறு வளைவு என்பது விதி. இவ்விதிகளை இலக்கண விதிகளைப்போல எழுதிக் கணினிக்கு உணர்த்தலாம் என்று, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையிற் காட்டினர். கணினி வரைகலை இளமைப் பருவத்தில் இருந்த அக்காலத்திலேயே நம் வீட்டு வாயிலின் கோலம் அத்துறையின் ஆய்விதழிற் புகுந்தது பெருமைக்குரியது.

கோலம் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் மீண்டும் பிறக்கின்றது. லயத்து வாசலிலே தைப்பொங்கலன்று இட்ட கோலத்தின் ஒரு மூலையில், விதியில் இல்லாத ஒரு சிறு விளக்கை அப்பெண் தன் விருப்பப்படி சேர்க்கின்றாள் என்போம். மறுநாள் வாசல் தெளித்ததும் கோலமும் போகும், விளக்கும் போகும். விதி அவள் நினைவில் இருப்பதால் கோலம் திரும்பி வரும். விளக்குத் திரும்பி வரவேண்டுமாயின், இந்தக் கோலத்தின் இந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு என்று அவள் தனியே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். நிலத்தில் இருந்ததை எவரும் காக்க முடியாது; நினைவில் உள்ளதையே காக்க முடியும். கணினியும் அவ்வாறே. திருத்தத்தைக் காப்பது என்றால் படத்தைக் காப்பது அன்று. இன்ன பொருளுக்கு இன்ன மாற்றம் என்னும் குறிப்பை எழுதிவைத்து, படம் புதிதாக ஆக்கப்படும்தோறும் அக்குறிப்பை மீண்டும் அதன்மேற் செலுத்துவதாகும்.

ஆகவே நல்ல வரைகலை மென்பொருளில் மூன்று பொருள்கள் தனித்தனியே இருத்தல் வேண்டும். ஒன்று மூலம், அதாவது பட்டியல் அல்லது தரவு. இரண்டாவது விதி, அதாவது வரையும் முறை. மூன்றாவது திருத்தம், அதாவது பயன்படுத்துவோர் செய்த மாற்றங்களின் ஏடு. மூன்றும் சேர்ந்தே படம் ஆகின்றது.

மூன்றையும் கலந்துவிட்டால் நேரும் கேட்டைத் தமிழ் ஏட்டுச்சுவடிகளின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்தும். ஓலை செல்லரிக்குமுன் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவது முன்னோர் வழக்கம். மூலத்தின் அருகே ஒருவர் எழுதிய குறிப்பை, பெயர்த்தெழுதுவோர் ஒருவர் விட்டுவிடுவார். இன்னொருவர் அதுவும் மூலமே என எண்ணி நடுவே சேர்த்துவிடுவார். முன்னையதனாற் குறிப்பு அழிந்தது. பின்னையதனால் மூலம் கெட்டது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பழைய நூல்களைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, பல பிரதிகளை ஒப்பிட்டு மூலம் எது, உரை எது, பிறர் செருகியது எது என்று பிரித்தறிவதிற் பெரும்பாடுபட்டனர். கணினித் திருத்தத்திலும் இவ்விரு கேடுகளே உள. திருத்தம் அழிந்துபோவது ஒன்று. திருத்தம் தரவோடு கலந்து, எது உண்மைத் தரவு, எது ஒருவர் விருப்பம் என்று தெரியாமற்போவது மற்றொன்று.

உரையை மூலத்தோடு நம் முன்னோர் பிணைத்த முறையும் கருதத்தக்கது. இத்தனையாம் ஓலையில் இத்தனையாம் வரி என்று குறித்தால், அடுத்த பிரதியில் ஓலையின் அளவு மாறியதும் அக்குறிப்புப் பயனற்றுப்போகும். ஆனால் செய்யுளின் முதற்சொற்களைக் கொண்டு, அதாவது முதற்குறிப்பைக் கொண்டு சுட்டினால், எந்த ஓலையில் எழுதினாலும் உரை தனக்குரிய செய்யுளைச் சென்று அடையும். கணினி நூலார் அடையாள எண் என்று கூறுவது இந்த முதற்குறிப்பையே. மூன்றாவது பெட்டிக்கு மஞ்சள் நிறம் என்று எழுதிவைத்தால், புதிய பெட்டியொன்று நடுவே வந்ததும் நிறம் வேறொருவர் தலையில் ஏறும். இன்ன அடையாளமுடைய ஆசிரியரின் பெட்டிக்கு மஞ்சள் நிறம் என்று எழுதிவைத்தால், அப்பெட்டி எங்கே போனாலும் நிறம் கூடவே போகும்.

இத்தத்துவம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றது என்பதற்குத் தேசப்படம் வரையும் மென்பொருள் ஒன்றைச் சான்று காட்டலாம். கியூஜிஐஎஸ் என்பது 2002ஆம் ஆண்டிற் தொடங்கப்பெற்று, உலகெங்கும் உள்ள தன்னார்வலராற் பேணப்படும் இலவச மென்பொருள். ஊர்ப் பெயர்களைப் படத்தில் எங்கே எழுதுவது என்பதை அது தானே கணக்கிடுகின்றது. இரண்டு பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுமாயின் ஒன்றை எழுதாமல் விட்டுவிடுவதும் உண்டு. தமிழ்ப் பெயர்கள் பலவும் நீண்டவை; சிறு படத்தில் அவை அதிக இடம் கொள்வன. ஆதலால் தமிழில் தேசப்படம் ஆக்குவோர் பல பெயர்களைக் கையினால் நகர்த்தி வைக்க நேர்கின்றது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பில், இவ்வாறு கையால் நகர்த்திய இடங்களைக் காப்பதற்கென்றே துணைச் சேமிப்பு என்னும் வசதி அமைக்கப்பட்டது. நகர்த்தத் தொடங்கும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கின்றது: ஒவ்வோர் ஊரையும் தனித்து அடையாளங் காட்டும் பத்தி எது? அதனை நாம் குறித்துக்கொடுத்தால், நகர்த்திய இடம் அந்த அடையாளத்தோடு பிணைக்கப்பட்டுத் தனிக்கோப்பில் எழுதப்படுகின்றது. மூலத் தரவை அது தொடுவதே இல்லை.

இக்கேள்விக்குச் சிந்தியாது விடையளிப்போர் பின்னர் வருந்துவர். மென்பொருள் தானே இட்ட வரிசை எண்ணை அடையாளமாகக் கொடுத்து, பின்பு புதிய தரவில் அவ்வெண்கள் மாறிவிட்டால், ஓரூரின் பெயருக்காகக் குறித்த இடத்தில் வேறோர் ஊரின் பெயர் போய் நிற்கும். கிராம அலுவலர் பிரிவுகளுக்கு அரசு வழங்கிய குறியீட்டெண் போன்ற நிலையான அடையாளமே ஈண்டு ஏற்றது. மற்றொன்றும் உண்டு. துணைச் சேமிப்புத் தனிக்கோப்பாக இருக்கையில், படத்தின் கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பி, துணைக்கோப்பை அனுப்ப மறந்தால், நம் உழைப்பு நம்மிடமே தங்கிவிடும். இரண்டையும் ஒரே கட்டாகச் சேமிக்கும் வசதியும் அம்மென்பொருளில் இருப்பதால், அதனைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை.

இத்தகைய இழப்பு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தைக் கொண்டுசெல்லும்போது முற்காலத்திற் பெரிதாக இருந்தது. மென்பொருள் ஆக்குவோர் தம் திட்டங்களை வரையப் பயன்படுத்தும் யூ.எம்.எல். என்னும் வரிப்பட முறையில், ஆரம்பத்திலே வகுக்கப்பட்ட பரிமாற்ற வடிவம் பெட்டிகளையும் தொடர்புகளையும் மட்டுமே சுமந்து சென்றது. எந்தப் பெட்டி எங்கே இருந்தது என்பதை அது சுமக்கவில்லை. அழகாக வரைந்து அனுப்பிய படம் மறுமுனையில் ஒழுங்கற்ற பெட்டிகளாய்ப் போய்ச் சேரும். இக்குறையை உணர்ந்த தரநிர்ணயக் குழுவினர், படத்தின் அமைப்பைப் பரிமாறுவதற்கெனத் தனித் தரமொன்றை வகுத்தனர். அலுவல்களின் நடைமுறையை வரையும் பி.பி.எம்.என். என்னும் முறையின் இரண்டாம் பதிப்பு 2011ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, செயல்முறை ஒரு பகுதியிலும் படத்தில் அதன் இடமும் அளவும் வேறொரு பகுதியிலுமாகப் பிரித்தே எழுதப்பட்டன. இரண்டையும் பிணைப்பது மீண்டும் அடையாளமே.

திருத்தத்தைக் காப்பதில் இன்னொரு கூறும் உளது. நிறமும் பெயரும் மட்டுமன்றி, படம் நம் மனத்தில் பதிந்த விதமும் காக்கப்படவேண்டிய ஒன்று. நாள்தோறும் காணும் வரிப்படத்தில் எது எங்கே இருக்கின்றது என்பதை நாம் எண்ணாமலே அறிந்திருக்கிறோம். கணினி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டால் அந்த அறிவு வீணாகின்றது. முன்னர்க் கூறிய சுகியாமாவும், மிசுயே, ஈட்ஸ், லாய் என்போரும் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனை மனப்படம் என்று அழைத்து, அதனைக் காக்க மூன்று நெறிகளை எடுத்துரைத்தனர். ஒன்று, திசை வரிசை: ஒன்றுக்கு இடப்புறம் இருந்தது இடப்புறமாகவும் மேலே இருந்தது மேலேயாகவும் இருத்தல். இரண்டு, அண்மை: அருகருகே இருந்தவை படம் மாறிய பின்னும் அருகருகே இருத்தல். மூன்று, சூழல்: ஒரு வளைவுக்குள் அடங்கியிருந்தது வெளியே போகாதிருத்தல். இம்மூன்றையும் காத்துக்கொண்டு புதியவற்றுக்கு இடம் செய்யும் மென்பொருள், விருந்தினர் வந்ததும் பாயைச் சற்றே தள்ளிப்போட்டு இடம் கொடுக்கும் வீட்டாரை ஒக்கும். காவாத மென்பொருளோ, விருந்தினர் ஒருவருக்காக வீட்டையே கலைத்துக் கட்டுவோரை ஒக்கும்.

அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான கிராஃப்விஸ் என்னும் வரிப்பட மென்பொருளில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பெட்டியின் இடத்தை எழுதி, அதன் பின்னே ஒரு வியப்புக் குறியை இட்டால், அப்பெட்டி ஆணியடித்ததுபோல் அங்கேயே நிற்கும். ஏனையவற்றை மட்டும் கணினி ஒழுங்குசெய்யும். இடங் குறிக்கும் சில வரைமுறைகளில் இக்குறி செல்லுபடியாகும். ஆனால் ஆணியடிப்பதிலும் அளவு வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆணியடித்தால் புதியதற்கு இடமில்லாது கோடுகள் சிக்கிக்கொள்ளும்.

இனி, விதியும் விருப்பமும் முரண்படும்போது யார் சொல் வெல்லுவது? இது நீதி பற்றிய கேள்வியும் ஆகும். இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் அடுக்கு நடைத்தாள் என்னும் முறையை 1994ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரான ஹோகன் வியூம் லீ முன்மொழிந்தார். பக்கத்தை எழுதியவர் ஒரு தோற்றத்தை விரும்பலாம்; வாசிப்பவர் வேறொன்றை விரும்பலாம்; இருவர் விருப்பத்தையும் ஏற்று ஒழுங்குபடுத்துவதே அம்முறையின் நோக்கம். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்பதிப்பில், இருவரும் தத்தம் விருப்பம் கட்டாயமானது என்று குறித்தால் எழுதியவர் சொல்லே வென்றது. 1998ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் இது மாற்றப்பட்டு, வாசிப்பவர் சொல் வெல்லுமாறு விதிக்கப்பட்டது. கண்பார்வை குன்றிய முதியவர் ஒருவர் எழுத்துப் பெரிதாக வேண்டும் என்று குறித்துவைத்தால், பக்கத்தை அலங்கரித்தவரின் விருப்பம் அதற்கு வழிவிட வேண்டும். பயன்படுத்துவோரின் திருத்தத்தைக் காப்பது வெறும் வசதி அன்று, உரிமையும் ஆகும் என்பதை இம்மாற்றம் உணர்த்துகின்றது.

இம்மட்டும் திருத்தத்தைக் காக்கும் வழிகளைக் கூறினேன். ஆனால் காப்பது என்பது கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவது அன்று. மூலம் மாறுகையில் பழைய திருத்தம் பொய்யாகவும் கூடும். ஆகையால் தேர்ந்த மென்பொருள்கள் மூன்று பிரதிகளை ஒப்பிடுகின்றன: பழைய மூலம், புதிய மூலம், நாம் திருத்திய பிரதி. மூலத்தார் மாற்றி நாம் மாற்றாத இடத்திற் புதியது ஏற்கப்படும். நாம் மாற்றி மூலத்தார் மாற்றாத இடத்தில் நம் திருத்தம் நிற்கும். இருவரும் வெவ்வேறு விதமாக மாற்றிய இடத்திற் கணினி தானே முடிவுசெய்யாது நம்மைக் கேட்க வேண்டும். நாம் குறிப்பெழுதிய பொருளே புதிய மூலத்தில் இல்லாதுபோனால், அக்குறிப்பை ஓசையின்றி எறிந்துவிடாது, உரிய பொருளற்ற குறிப்புகள் என்று தனிப்பட்டியலில் வைத்துக் காட்ட வேண்டும். பழைய மூலத்தை எறிந்தவர்க்கு இவ்வொப்பீடு இயலாது. யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது எழுதப்படாவிடினும், நம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு விடை கூறுதல் அரிது.

நேயர்களே, இவையெல்லாம் கணினி வல்லுநரின் கவலையல்லவா, தோட்டப்புறத்து மக்களுக்கு என்ன என்று வினவலாம். இரத்தினபுரியைச் சூழ்ந்த பூமியை எண்ணிப் பாருங்கள். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் பெய்த பெருமழையினால் வெள்ளமும் மண்சரிவும் நிகழ்ந்து, இலங்கையில் ஒவ்வொரு முறையும் இருநூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். இரத்தினபுரி மாவட்டம் இருமுறையும் கடுந்துயருற்றது. எச்சரிவு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டும் மண்சரிவு அபாய வலயப் படங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கி வருகின்றது. சரிவின் சாய்வு, மண்ணின் தன்மை, நீர் வடியும் வழி, நிலத்தின் பயன்பாடு முதலியவற்றைச் சேர்த்துக் கணித்து ஆக்கப்படுபவை அவை. தரவு புதுப்பிக்கப்படுந்தோறும் இத்தகைய படங்கள் மீண்டும் வரையப்பட வேண்டியவை. அதுவே அவற்றின் சிறப்பு.

ஆனால் அத்தகைய படத்தின் அளவிற் காணமுடியாத அறிவு அவ்விடத்து மக்களிடம் உண்டு. லயத்துக்கு மேலே நிலத்திற் கண்ட வெடிப்பு, புதிதாய்ச் சாய்ந்த மரம், முன்னில்லாத இடத்திற் கசியும் ஊற்று ஆகியவை மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் எனக் கற்றோர் கூறுவர். மழைக்காலத்தில் எந்த ஒற்றையடிப் பாதை நீரில் மூழ்கும், எந்த வீட்டில் நடக்கமாட்டாத முதியவர் இருக்கிறார் என்பதை அயலவரே அறிவர். ஒரு பாடசாலையோ தோட்டச் சங்கமோ இவற்றை அபாயப் படத்தின்மேற் குறித்து வெளியேறும் வழியையும் வரைந்து வைத்திருக்கின்றது என்று கொள்வோம். அடுத்த ஆண்டு புதிய படம் வருகின்றது. பழைய குறிகள் படத்தின்மேல் நேரே கீறப்பட்டவையாயின், புதிய படத்தில் அவை இல்லை. புதிய படம் துப்புரவாயும் அழகாயும் இருக்கும். ஆனால் ஊற்றும் வெடிப்பும் அதில் இரா. மாறாக, அக்குறிகள் இடமும் திகதியும் குறித்தவர் பெயரும் தாங்கித் தனிப்படலமாக எழுதப்பட்டிருந்தால், புதிய படத்தின்மேல் அப்படலத்தை விரித்து, இன்றும் பொருந்துபவை எவை என்று ஒவ்வொன்றாய் ஆராயலாம். முன்னறிகுறி ஒன்று மறைந்துபோனதன் விலை, நிறம் ஒன்று மறைந்துபோனதன் விலை அன்று.

பெயர்களின் நிலையும் இத்தகையதே. தோட்டங்கள் பலவற்றுக்கு ஏட்டில் ஒரு பெயரும் தொழிலாளர் நாவில் வேறொரு தமிழ்ப் பெயரும் தலைமுறைகளாய் வழங்கி வருகின்றன. ஆபத்து வேளையில் மக்கள் சொல்லும் பெயர் அந்த இரண்டாம் பெயரே. 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்று, உலகோர் யாவரும் சேர்ந்து ஆக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் தேசப்படத்தில், ஓரிடத்துக்குப் பொதுப்பெயரோடு தமிழ்ப் பெயருக்கும் சிங்களப் பெயருக்கும் தனித்தனி இடங்கள் உள. அங்கு எழுதப்படும் தமிழ்ப் பெயர் படத்தின் மேலன்று, மூலத் தரவிலேயே அவ்விடத்தோடு பிணைந்து நிற்கின்றது. ஆகவே எவர் எந்த நிறத்தில், எந்த அளவில் அப்படத்தை வரைந்தாலும் தமிழ்ப் பெயரை எடுத்துக் காட்டலாம். படத்தை அச்சிட்டு அதன்மேல் எழுதினால் ஒரு காகிதத்துக்கு மட்டுமே அது தமிழாகும். தரவில் எழுதினால் இனி வரையப்படும் படங்களிலும் அது தமிழாய் வரக்கூடும்.

கணினியைக் கையாளும் ஆசிரியர்க்கும் எழுதுநர்க்கும் மாணாக்கர்க்கும் சில சொற்கள் கூறி முடிக்க விரும்புகிறேன். ஒரு படத்தைத் திருத்துமுன், இத்திருத்தம் உண்மையைப் பற்றியதா, தோற்றத்தைப் பற்றியதா என்று கேளுங்கள். உண்மையைப் பற்றியதாயின் மூலத் தரவிலே திருத்துங்கள். தோற்றத்தைப் பற்றியதாயின் மென்பொருள் அதற்கென வைத்துள்ள இடத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத அடையாளம் ஒன்றைக் கொடுங்கள். படத்தை மட்டும் சேமியாது, மூலத்தையும் திருத்த ஏட்டையும் சேர்த்தே சேமியுங்கள். புதிய தரவைப் பெறுமுன் பழையதன் பிரதியொன்றை எடுத்து வையுங்கள். புதுப்பித்த பின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். எது மறைந்தது என்று கணினி சொல்லாவிடினும் நம் கண் சொல்லும்.

1963ஆம் ஆண்டில் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்து மாணவராயிருந்த ஐவன் சதர்லாந்து, ஒளிப்பேனாவினால் திரையிற் படம் வரையும் ஸ்கெட்ச்பாட் என்னும் செய்நிரலை இயற்றினார். அதில் மூல உருவம் ஒன்றைத் திருத்தினால் அதன் பிரதிகள் யாவும் தாமே திருந்தின. ஒரு கை செய்த திருத்தம் நூறு இடத்திற் பரவும் அவ்வாற்றலே கணினி வரைகலையின் பெருமை. அவ்வாற்றல் வளர வளர, நூறில் ஓரிடத்தில் மட்டும் ஒரு மனிதர் காரணத்தோடு செய்துவைத்த மாற்றம் மிதிபட்டுப் போகாது காக்கும் பொறுப்பும் வளர்கின்றது. விதி பொதுவானது; இடம் தனியானது. பொதுவிதியை எழுதுவோர் தொலைவில் இருப்பர். ஊற்றுக் கசியும் இடத்தை அறிந்தவர் அவ்விடத்திலேயே இருப்பர். அவர் இட்ட குறி அடுத்த படத்திலும் இருக்க வேண்டும்.